கசிவின் வரலாறு: புதுச்சேரிக் கடற்கரையில் கார் குளிர்விப்பும் கேஸ் நிரப்பும் தொழிலும்

காரின் குளிர்சாதனத்தில் குறைந்துபோன வாயுவை மீண்டும் நிரப்புவதைப் புதுச்சேரியிலும் அதைச் சூழ்ந்த தமிழகப் பகுதிகளிலும் உள்ள பணிமனைகளில் 'கேஸ் அடிப்பது' என்றும் 'கேஸ் ஏத்துவது' என்றும் சொல்கிறார்கள். சக்கரத்துக்குக் காற்றடிப்பதோடு ஒப்பிட்டுப் பிறந்த வழக்காகவே இது தோன்றுகிறது. கோடை தொடங்கும்போது காற்றடித்துக்கொள்வதைப் போலக் கேஸும் அடித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் கார் வைத்திருப்போரிடையே வேரூன்றியதற்கும் அந்தச் சொல்லே ஓரளவு துணைநின்றிருக்கிறது. ஆனால், மூடிய குழாய்ச் சுற்றுக்குள் ஓடும் அந்த வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. ரப்பர் குழாய்களின் வழியாகவும் கம்ப்ரசரின் சுழல்தண்டு அடைப்பின் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் வெளியேறுவது இயல்பு. அதற்கு மேல் குறைந்திருந்தால் சுற்றில் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். ஆகவே கேஸ் நிரப்பும் தொழிலின் வரலாற்றைக் கசிவின் வரலாறாகவும் படிக்க முடியும். அப்படிப் படிக்கும்போது, உலகம் முழுவதற்கும் உரிய அந்தக் கதையின் மிக முக்கியமான ஒரு திருப்பம் புதுச்சேரிக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில் பொறியியல் படித்த ஒருவரால் நிகழ்ந்தது என்பதும் தெரியவருகிறது.

இயந்திரம் வருவதற்கு முன்பும் இந்த நகரம் வெயிலோடு வாழக் கற்றிருந்தது. 1674இல் பிரான்சுவா மர்தேன் இங்கே பிரெஞ்சு வணிகத்தை நிலைநிறுத்தியதிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறும் வரை, நகரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே உயர்ந்த கூரைகளும் மரச்சட்ட சன்னல்களும் கொண்ட பிரெஞ்சு வீடுகளும், மேற்கே திண்ணை, தெருவை நோக்கிய தாழ்வாரம், நடுமுற்றம் ஆகியவற்றைக் கொண்ட தமிழ் வீடுகளும் தத்தம் வழியில் காற்றை வரவழைத்தன. இரு பகுதியினருக்கும் பொதுவாக இருந்த ஒரு குளிர்விப்பு முறை வெட்டிவேர்த் தட்டி. வெட்டிவேரைத் தட்டியாக முடைந்து வாசலிலும் சன்னலிலும் தொங்கவிட்டு நீர் தெளித்தால், அதன் வழியே வரும் காற்று குளிர்ந்து மணக்கும். பிரெஞ்சு மொழியில் இன்று வழங்கும் 'வெத்திவேர்' என்ற சொல் தமிழிலிருந்து சென்றதே.

இந்தத் தட்டியின் செயல்பாட்டைச் சற்று விளக்கிச் சொல்வது அவசியம், ஏனெனில் காரின் குளிர்சாதனமும் இதே விதியில்தான் இயங்குகிறது. நீர்மம் ஒன்று ஆவியாக மாறும்போது தன்னைச் சுற்றியுள்ள பொருள்களிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இதனால்தான். தட்டியில் தெளித்த நீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது, ஆனாலும் அதனால் எவருக்கும் இழப்பில்லை; அது என்றாவது மழையாகத் திரும்பும். அதே வேலையை வேறொரு நீர்மத்தைக் கொண்டு செய்விக்கும்போதுதான், ஆவியானது எங்கே போகிறது என்ற கேள்வி எழுகிறது. கடற்கரை நகரங்களில் தட்டிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. உள்நாட்டு ஊர்களில் தட்டி தரும் குளிர்ச்சி புதுச்சேரியில் முழுமையாகக் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

ஈரக் காற்று வீசும் இந்த ஊரில் எந்த இயந்திரமும் இல்லாமல் எவ்வளவு குளிர்ச்சியைப் பெறலாம் என்பதன் உச்ச எல்லையைக் காட்டும் கட்டடமும் புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டே, செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் தொழில்புரிந்த கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் வடிவமைப்பில், ஜார்ஜ் நகஷிமா, பிரான்டிசேக் சம்மர் ஆகியோரின் மேற்பார்வையில் 1937 வாக்கில் தொடங்கிக் கட்டப்பட்டது. ஐதராபாத் அரசின் நன்கொடை அதற்குக் கிடைத்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டது. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. சுவருக்குப் பதிலாகக் கையால் திருப்பித் திறக்கவும் மூடவும் கூடிய கிடைப்பலகைகள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கப்பட்டுள்ளன. கூரைத் தளத்தின் மேல் இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள் வேயப்பட்டிருப்பதால் வெயில் தளத்தை நேரடியாகத் தாக்குவதில்லை. வெயிலையும் காற்றையும் நுணுகி அறிந்து, எதையும் எரிக்காமலும் எதையும் வெளியேற்றாமலும் மனிதரைக் குளிர்விக்கும் அந்த அறிவு, கார் என்னும் உலோகப் பெட்டிக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. நிழலற்ற சாலையில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஓடும் வண்டிக்கு இயந்திரக் குளிர்ச்சியைத் தவிர வேறு வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

இயந்திரக் குளிர்ச்சிக்கு முந்தைய இடைக்காலம் ஒன்றும் உண்டு. அது பனிக்கட்டி வணிகத்தின் காலம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியை 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842 வாக்கில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கிய இடமாகி, இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினா கடற்கரை எதிரே நிற்கிறது. நீராவியால் இயங்கும் பனிக்கட்டி ஆலைகள் இந்தியாவிலேயே தோன்றியபின் அந்த வணிகம் மறைந்தது. அத்தகைய இயந்திரங்களின் வளர்ச்சியில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு: பெர்தினான் கார்ரே 1859இல் அம்மோனியாவைக் கொண்டு பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார், சார்ல் தெலியே குளிர்சாதனம் பொருத்திய 'லெ பிரிகோரிபிக்' என்னும் கப்பலை 1876இல் ரூவான் துறைமுகத்திலிருந்து தென்னமெரிக்காவுக்கு அனுப்பினார்.

இந்த இயந்திரங்கள் யாவும் ஆவியான நீர்மத்தை வெளியே விடாமல் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தின. காரின் குளிர்சாதனத்தில் இது நான்கு கட்டங்களில் நடக்கிறது. என்ஜினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர், தாழ்ந்த அழுத்தத்தில் வரும் வாயுவை இறுக்கி உயர்ந்த அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் கொண்டுவருகிறது; காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து நீர்மமாகிறது; எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் நுண்துளை வழியே வெளிப்படும்போது அழுத்தம் சட்டெனக் குறைகிறது; டாஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. வெட்டிவேர்த் தட்டியில் திறந்தவெளியில் நடந்தது இங்கே பூட்டிய குழாய்க்குள் நடக்கிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு கிலோ கார் வாயு எடுத்துக்கொள்வதில்லை. எனினும் சுழியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் தன்மையால் நீருக்கு எட்டாத குளிரை அது எட்டுகிறது.

தொடக்ககாலக் குளிர்பதன வாயுக்களான அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவற்றில் நச்சுத்தன்மையோ எரியும் தன்மையோ அல்லது இரண்டுமோ இருந்தன. கசிந்தால் வீட்டிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து. இந்த நிலையை மாற்ற, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜிலி 1928இல் தம் உடனுழைப்பாளர்களுடன் குளோரோ புளோரோ கார்பன் என்னும் சேர்மக் குடும்பத்தைக் குளிர்பதனத்துக்கு ஏற்றதாகக் கண்டறிந்தார். 1930இல் அறிவியலாளர் கூட்டம் ஒன்றில் அவர் அந்த ஆவியைத் தம் நெஞ்சுக்குள் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக்காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் இல்லை என்பதை அந்த ஒரே மூச்சால் நிறுவினார். பிரியான் என்ற வணிகப் பெயரில் பரவிய இந்தக் குடும்பத்தில் ஆர்-12 என்னும் வாயுவே கார்களுக்கு உரியதாயிற்று. அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டின் மாதிரிகளில் தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தித் தந்தது; கூலிங் காயில் பின்பக்கப் பெட்டிக்குள் இருந்தது, குளிர் வேண்டாதபோது கம்ப்ரசரின் பெல்ட்டையே கழற்றிவைக்க வேண்டியிருந்தது. 1954இல் நாஷ் நிறுவனம் எல்லாப் பகுதிகளையும் காரின் முன்புறத்துக்குக் கொண்டுவந்தபின், இன்று வழங்கும் அமைப்பு உருப்பெற்றது.

இந்தியாவில் அம்பாசிடர் காரும் பிரீமியர் பத்மினியும் கோலோச்சிய காலத்தில் குளிர்சாதனம் என்பது பெரும்பாலும் பின்னர் வாங்கி டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்ட பெட்டியாகவே இருந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரும், அதைத் தொடர்ந்து ஜப்பானியக் கூட்டுறவோடு 1985இல் நிறுவப்பட்ட சுப்ரோஸ் போன்ற உதிரிபாக நிறுவனங்களும் நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் காரின் குளிர்ச்சியைக் கொண்டுவந்தன. தமிழ்க் கடற்கரையில் இந்த மாற்றம் விரைந்தது 1990களின் இறுதியில்தான்: 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோவும், 1999இல் மறைமலைநகரிலிருந்து போர்டின் ஐக்கானும் வெளிவந்தன. சென்னையின் தென்புறத் தொழிற்பகுதியிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் அடையக்கூடிய புதுச்சேரிக்கு, வார இறுதிப் பயணியரின் கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வரத் தொடங்கின. அண்டை மாநிலங்களைவிட வாகன வரி குறைவாக இருந்ததால் இங்கே பதிவாகிப் பி.ஒய். என்ற எழுத்துகளைத் தாங்கிய கார்களும் பெருகின. நான்கு புல்வார் சாலைகளால் முட்டை வடிவில் சூழப்பட்ட பழைய நகருக்கு வெளியே, கடலூர், விழுப்புரம், திண்டிவனம் செல்லும் சாலைகளின் ஓரங்களில், என்ஜின் வேலை செய்பவரிடமிருந்தும் மின்வேலை செய்பவரிடமிருந்தும் பிரிந்து, 'கார் ஏசி மெக்கானிக்' என்ற தனித் தொழிலாளர் உருவானார்.

இந்தத் தொழிலின் கருவிகளும் சொற்களும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, ஆனால் கைத்திறன் உள்ளூரில் கற்றது. நீலம், சிவப்பு, மஞ்சள் நிறக் குழாய்கள் தொங்கும் இரட்டை மானி கேஜ் செட் எனப்பட்டது. நீலம் தாழ்ந்த அழுத்தப் பக்கத்துக்கும், சிவப்பு உயர்ந்த அழுத்தப் பக்கத்துக்கும், மஞ்சள் சிலிண்டருக்கும் உரியவை. கசிவைக் காண மலிவான வழி சோப்பு நுரை. சந்தேகமான இணைப்பில் தடவினால் குமிழி எழும். அதைவிட நுட்பமானது ஹாலைடு விளக்கு: செப்புத் தகட்டைச் சூடேற்றும் அதன் சுடர், ஆர்-12இல் உள்ள குளோரின் பட்டதும் நீலத்திலிருந்து பச்சையாக மாறும். நிரப்பும் அளவை அறியச் சைட் கிளாஸ் எனப்பட்ட சிறு கண்ணாடித் துளை உதவியது. அதில் ஓடும் நீர்மத்தில் குமிழிகள் தெரிந்தால் வாயு குறைவு, குமிழிகள் மறைந்து தெளிந்தால் போதுமானது. எடை பார்க்கும் தேவையே இல்லாமல் கண்ணாலும் கைத்தொடு உணர்வாலும் நடந்த இந்தத் தொழிலில் உண்மையான தேர்ச்சி இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

கடற்கரை என்பதால் கசிவும் இங்கே மிகுதி. உப்பு கலந்த ஈரக் காற்று, காரின் முகப்பில் நின்று எல்லாக் காற்றையும் முதலில் வாங்கும் கண்டன்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளையும் குழாய்களையும் அரிக்கிறது. உள்நாட்டு ஊர்களில் பல ஆண்டுகள் உழைக்கும் உறுப்பு, கடலை ஒட்டி நிறுத்தப்படும் காரில் அதற்கு முன்பே ஊசித்துளை காண்பது இயல்பே. ஊசித்துளையை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயுவை மட்டும் நிரப்புவது வண்டிக்காரருக்கு அப்போதைக்குச் செலவு குறைந்த வழியாகத் தோன்றியது. ஆர்-12 மலிவாகவும் தடையின்றியும் கிடைத்த காலத்தில் அது தவறு என்று சொல்லவும் ஆளில்லை. அந்த வாயு தொலைவிலிருந்தும் வரவில்லை. இந்தியாவில் அதைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மாரின் ஆலை, காவிரியின் குறுக்கே அணை கட்டப்பட்ட மேட்டூரில் இருந்தது. மற்ற மூன்றான நவீன் புளோரின், எஸ்.ஆர்.எஃப்., குஜராத் புளோரோகெமிக்கல்ஸ் ஆகியவை மேற்கிலும் வடமேற்கிலும் இயங்கின.

அந்த வாயு கசிந்தபின் எங்கே போகிறது என்ற கேள்வியை உலகம் 1970கள் வரை கேட்கவில்லை. கேட்டவர்களுள் ஒருவர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வீரபத்திரன் ராமநாதன். புதுச்சேரிக்குத் தெற்கே கடலூரைத் தாண்டிச் சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1965இல் பட்டம் பெற்ற அவர், செகந்தராபாத்தில் குளிர்பதனச் சாதன நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்சாதனங்களிலிருந்து வாயு ஏன் விரைவில் கசிந்து வெளியேறுகிறது என்று கண்டுபிடிப்பதே அங்கு அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பணிகளில் ஒன்று. கடலோரப் பணிமனையில் சோப்பு நுரையோடு குனிந்திருக்கும் மெக்கானிக்கின் கேள்வியும் இளம் பொறியாளரான ராமநாதனின் கேள்வியும் அப்போது ஒன்றுதான். பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மேற்படிப்பு முடித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, கோள்களின் வளிமண்டலத்தை ஆராயும் துறைக்குச் சென்ற பின்பும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய இருவர், குளோரோ புளோரோ கார்பன்கள் தாழ்ந்த வளிமண்டலத்தில் எதனாலும் சிதையாமல் மேலே சென்று, புற ஊதாக் கதிரால் உடைந்து, அதிலிருந்து விடுபடும் குளோரின் அணுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று நிறுவினார்கள். மிட்ஜிலி மெழுகுவத்தியை அணைத்துப் பெருமையோடு காட்டிய அதே தன்மை, அதாவது எதனோடும் வினைபுரியாத நிலைத்தன்மை, அந்த வாயுவை வான்வரை கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு, 1975இல், ராமநாதன் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை வேறொரு வாசலைத் திறந்தது. பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பக் கதிரை இந்த வாயுக்கள் தடுத்து நிறுத்துகின்றன என்றும், ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று ஒப்பிட்டால் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் அவற்றின் வெப்பம் பிடிக்கும் ஆற்றல் இருக்கிறது என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். பூமி சூடாவதற்குக் கரியமில வாயு மட்டுமே காரணம் என்ற கருத்து நிலவிய காலத்தில், காரின் உட்புறத்தைக் குளிர்விப்பதற்காக உருவான பொருள் வெளியுலகைச் சூடாக்குகிறது என்பதை நிறுவிய கண்டுபிடிப்பு அது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அணைகளையும் பாலங்களையும் விரிவாகச் சொல்லும் அளவுக்கு இந்தக் கட்டுரையைச் சொல்வதில்லை. அது பெரும் குறை.

1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் வசந்தகாலந்தோறும் மெலிவது அறிவிக்கப்பட்டதும், 1987 செப்டம்பரில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. வளரும் நாடுகள் மாற்று வாயுக்களுக்கு மாறப் பண உதவியும் தொழில்நுட்பமும் தரப்பட வேண்டும் என்று வலியுறுத்திய நாடுகளில் இந்தியாவும் ஒன்று; 1990இல் லண்டனில் அதற்கான பொது நிதி ஒப்புக்கொள்ளப்பட்டபின், 1992 ஜூனில் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு ஓசோனைக் குறைக்கும் பொருள்களுக்கான விதிகளை வெளியிட்டது. அதன்படி 2003 முதல் புதிய கார்களின் குளிர்சாதனங்களில் ஆர்-12 பயன்படுத்துவது நின்றது. மேட்டூர் உட்பட நான்கு நிறுவனங்களின் ஆலைகளிலும் குளோரோ புளோரோ கார்பன் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த உலக வங்கி வழியாக ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது; குறித்த காலத்துக்கு முன்பாகவே, 2008 ஆகஸ்டில், இந்தியா அந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

ஆர்-12இன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ என்னும் வாயுவில் குளோரின் இல்லை. ஓசோனுக்கு அதனால் தீங்கில்லை. பணிமனைக்கோ அது ஏறக்குறைய புதிய தொழிலையே கற்கவேண்டிய நிலையை ஏற்படுத்தியது. பழைய கம்ப்ரசரில் ஓடிய கனிம எண்ணெய் இந்த வாயுவோடு கலக்காததால் செயற்கை எண்ணெய் தேவைப்பட்டது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சுவதால் புட்டியைத் திறந்துவைக்க முடியாது. புதிய வாயுவின் மூலக்கூறு சிறியதாதலால் பழைய ரப்பர் குழாய்களின் வழியே எளிதில் ஊடுருவியது. இரண்டு வாயுக்களும் தவறியும் கலந்துவிடாதபடி நிரப்பு வாய்களின் அளவே மாற்றப்பட்டது. குளோரின் இல்லாததால் ஹாலைடு விளக்கின் சுடர் பச்சையாக மாறவில்லை. தெளிவாகத் தெரியும்வரை நிரப்பு என்ற சைட் கிளாஸ் முறை புதிய வாயுவில் அளவுக்கு மீறி நிரப்பச் செய்தது. பல புதிய கார்களில் அந்தக் கண்ணாடியே இல்லாமல் போயிற்று. பழைய தேர்ச்சியின் அடையாளங்கள் ஒவ்வொன்றாகப் பயனிழந்த அந்தக் காலத்தில், 2004 முதல் நடைபெற்ற தேசியத் திட்டம் ஒன்றின்கீழ் நாடு முழுவதும் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சி தரப்பட்டது. எனினும் பெரும்பாலோர் பட்டறிந்துதான் கற்றார்கள்.

வீட்டு வாசலிலேயே தாமே கேஸ் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் இங்கே இந்தக் காலத்துக்கு உரியது. அதன் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கே ஆர்-12 சிறு டப்பாக்களில் கடைகளில் விற்கப்பட்டது. 1992 நவம்பர் முதல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டுமே அதை விற்கலாம் என்று சட்டம் வந்தது. ஆர்-134ஏ டப்பாக்களுக்கோ அந்தத் தடை விதிக்கப்படவில்லை. 2018 முதல், எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வால்வு உள்ள டப்பாக்களையே தயாரிக்க வேண்டும் என்று மட்டும் கட்டுப்படுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியைத் தேர்ந்து, திரும்ப நிரப்ப முடியாத டப்பாக்களின் விற்பனையையே 2007இல் தடுத்தது. இந்தியாவில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள ஆர்-134ஏ டப்பாக்கள் முதலில் மெக்கானிக்குகளுக்காக வந்து, பின்னர் இணைய விற்பனை வழியாக எவர் கைக்கும் எட்டுவனவாயின.

டப்பாவை வாங்கியவர் செய்வது இவ்வளவே: என்ஜினை இயக்கிக் குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்து, தாழ்ந்த அழுத்தப் பக்கத்தின் வாயில் குழாயைப் பொருத்தி, மானியின் முள் பச்சைப் பகுதியைத் தொடும்வரை விடுவது. உயர்ந்த அழுத்தப் பக்கத்தில் தவறி இணைத்தால் டப்பாவே வெடிக்கக்கூடும் என்பதால் இரு வாய்களின் அளவும் வேறுபடுத்தப்பட்டிருக்கின்றன. சிறு கார் ஒன்றின் சுற்றுக்குத் தேவையான மொத்த வாயு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம்தான். இதில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி குன்றும். தாழ்ந்த பக்கத்து அழுத்தம் வெளிவெப்பத்தையும் என்ஜின் வேகத்தையும் பொறுத்து மாறுவதால், உள்ளே எத்தனை கிராம் எஞ்சியிருக்கிறது என்பதை அந்த முள் சொல்ல முடியாது. அளவு கூடினால் கண்டன்சரில் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் நீர்மத்தை விழுங்கிச் சேதமடையும். கூடவே, கசிந்த துளை வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்திருக்கலாம். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனால்தான் முறையான பணிமனையில் எஞ்சிய வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சிச் சேமித்து, நைட்ரஜனை அழுத்திக் கசிவைக் கண்டு, பழுதான ஓ-ரிங் வளையத்தையோ கண்டன்சரையோ மாற்றி, வாக்குவம் பம்ப்பால் அரைமணி நேரமாவது வெற்றிடமாக்கி, பின்னரே தயாரிப்பாளர் என்ஜின் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்த எடையைத் தராசில் நிறுத்து நிரப்புகிறார்கள். வெற்றிடமாக்குவதன் நோக்கம் காற்றை அகற்றுவதோடு முடிவதில்லை. அழுத்தம் குறைந்த நிலையில் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால் ஈரமும் சேர்ந்து வெளியேறுகிறது. வீட்டு வாசலில் இந்தப் படிகளில் கடைசி ஒன்று மட்டும், அதுவும் தராசு இல்லாமல், நடக்கிறது.

டப்பாவுக்குள் இருப்பது எது என்பதும் எப்போதும் உறுதியில்லை. 2011இல், குளிர்பதனக் கப்பற்பெட்டிகளில் ஆர்-134ஏ என்ற பெயரில் நிரப்பப்பட்ட போலி வாயுவில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததால் பெட்டிகள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர் உயிரிழந்தனர். பிரியான் வந்தபின் கைவிடத் தொடங்கிய அதே நச்சு வாயு, அலுமினியத்தோடு வினைபுரிந்து காற்றுப் பட்டவுடன் தீப்பிடிக்கும் சேர்மமாக மாறியிருந்தது. மலிவுக்காகச் சமையல் எரிவாயுவை ஒத்த ஹைட்ரோகார்பன் கலவைகளை, அவற்றுக்காக வடிவமைக்கப்படாத கார்களில் நிரப்புவதும் இதே வகை ஆபத்தை வண்டிக்குள் அமர்ந்திருப்போரின் முகத்துக்கு முன்னால் கொண்டுவருகிறது.

ஆர்-134ஏ ஓசோனைக் காத்தாலும் பூமியைச் சூடாக்குவதிலிருந்து விலகவில்லை. நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, 1,400 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ராமநாதன் 1975இல் திறந்த கணக்கு இந்த வாயுவையும் தொட்டது. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு இத்தகைய வாயுக்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. இந்தியா 2021இல் அதை ஏற்று, 2032 முதல் படிப்படியாகக் குறைத்து 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க உறுதியளித்திருக்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஆர்-134ஏ விலக்கப்பட்டு, வெப்பத் தாக்கம் மிகக் குறைந்த ஆர்-1234ஒய்எஃப் போன்ற வாயுக்கள் இடம்பெறுகின்றன. அது சற்றே எரியும் தன்மை உடையது, விலையும் பன்மடங்கு. ஆகவே பழைய வழக்கப்படி கசியவிட்டு நிரப்புவது இனிப் பொருளாதார ரீதியாகவும் கட்டுப்படியாகாது. இதற்கிடையில் குளிர்ச்சியின் தேவை கூடிக்கொண்டே போகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறைகளுக்கும் இந்தியச் சட்டம் குளிர்சாதனத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் வெந்து உழலும் ஓட்டுநருக்குக் கிடைக்க வேண்டிய நியாயமே அது. அந்த லாரிகளும் சில ஆண்டுகளில் இதே சாலையோரப் பணிமனைகளின் முன் வந்து நிற்கும்.

குளிர்ச்சி குறைந்த கார் வாசலுக்கு வரும்போது பணிமனைக்காரர் முதலில் கேட்க வேண்டியதும் உரிமையாளர் முதலில் கேட்க வேண்டியதும் வாயு எங்கே கசிகிறது என்பதே. வானில் ஆர்-12இன் சராசரி ஆயுள் ஏறக்குறைய நூறாண்டு, ஆர்-134ஏயின் ஆயுள் ஏறக்குறைய பதினான்கு ஆண்டு. 1985ஆம் ஆண்டுக் கோடையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்ற அம்பாசிடர் ஒன்றிலிருந்து கசிந்த வாயுவில் மூன்றில் இரண்டு பங்கு இன்றும் வானில் இருக்கிறது.